வரவேற்புக்குப் பழைய காஸ்ட்யூம் நகை போடுவதென்றால்

ஒரு மணப்பெண் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். மாலையில் வரவேற்பு, 150 பேர் வருவார்கள். மணப்பெண்ணிடம் 1950-களைச் சேர்ந்த கல் செட் ஒன்று, போலி முத்துச் சரம் ஒன்று, கைநிறைய ப்ரூச்கள் (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் அலங்கார நகை) இருக்கின்றன. எதைப் போடுவது, மிச்சத்தை மேசை அலங்காரத்தில் வைக்கலாமா, இன்னும் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? சுருக்கமாகச் சொல்ல முடியாத கேள்வி, அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு விஷயம். ஹால், உடை, பூ, விளக்கு எல்லாம் முடிவான பிறகு கடைசி வாரத்தில் நகைப் பெட்டியைத் திறப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. புது நகை என்றால் பரவாயில்லை, உடைக்கு ஏற்ற மாதிரி தேடி வாங்கிக்கொள்ளலாம். பழைய காஸ்ட்யூம் நகை, அதாவது மட்ட உலோகம், கண்ணாடிக் கல், போலி முத்து வைத்துச் செய்த நகை, அப்படி இல்லை. அதன் நீளம், நிறம், எடை எல்லாம் அறுபது எழுபது வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. கழுத்து வெட்டையும் துணியின் நிறத்தையும் விளக்கையும்தான் இன்றைக்கு மாற்ற முடியும். ஆகவே நகையிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

விளக்கில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாருமே யோசிப்பதில்லை. பழைய கல் நகையில் இருப்பது ஈயம் கலந்த கண்ணாடி. 1730-களில் பாரிஸில் ஸ்த்ராஸ் என்ற நகைக்காரர் இந்த மாதிரிக் கண்ணாடியை வைரம் போலப் பட்டை தீட்டிப் பெயர் வாங்கினார். 1892-இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி கண்ணாடிக் கல்லை இயந்திரத்தில் வெட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்று, 1895-இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸில் தொழிற்சாலை வைத்த பிறகு ஒரே மாதிரிக் கற்கள் மலிவாகக் குவிய ஆரம்பித்தன. இந்தக் கல் மின்ன வேண்டுமென்றால் சின்னச் சின்னப் புள்ளிகளாக, பல திசையிலிருந்து வெளிச்சம் வர வேண்டும். மெழுகுவர்த்தி, சரவிளக்கு, குட்டி பல்பு மாலை, ஸ்பாட் லைட் எல்லாம் உத்தமம். கூரை முழுக்க பேனல் விளக்கு வைத்து ஒரே சீராக வெள்ளையாக்கிய ஹாலில் அதே கல் சாம்பல் பூத்துக் கிடக்கும், அங்கே விலை உயர்ந்த செட் போட்டாலும் எடுபடாது. ஹாலைப் பார்க்கப் போகும்போது நகையைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். மாலை நேரத்தில், அவர்கள் வழக்கமாகப் போடும் விளக்கின் கீழே, கழுத்தில் வைத்துக்கொண்டு ஆறடி தள்ளி நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடி முன்னால் நின்று முடிவு செய்யாதீர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் உங்களை அந்தத் தூரத்திலிருந்துதான் பார்க்கப் போகிறார்கள், இந்த நகையும் அந்தத் தூரத்துக்காகச் செய்ததுதான். வரவேற்பு பகலில் என்றால் கல்லை விட்டுவிட்டு முத்து, எனாமல், மங்கலான தங்க முலாம், பேக்கலைட் (பழைய கெட்டி பிளாஸ்டிக்) மாதிரி நிறத்தாலேயே நிற்கும் பொருள்களுக்குப் போய்விடலாம்.

அடுத்து உடை. 1940-கள், 50-கள் நெக்லஸ் பெரும்பாலும் குட்டை, 14 முதல் 16 அங்குலம், கழுத்தடியில் ஒட்டி உட்காரும். பின்னால் ஒரு சின்னச் சங்கிலியும் கொக்கியும் இருக்கும், அதில் ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். உயரக் கழுத்து வைத்த உடையை முதலிலேயே தைத்துவிட்டால் இந்த நெக்லஸுக்கு இடமே இருக்காது. முத்துக்கு நிறம்தான் பிரச்சினை. பழைய போலி முத்து காலப்போக்கில் க்ரீம் நிறத்துக்கு வந்திருக்கும். தும்பைப்பூ வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் அது அழுக்காகத் தெரியும், ஐவரி துணிக்குப் பக்கத்தில் அதே முத்து அழகாக இருக்கும். துணி எடுக்கப் போகும்போது முத்துச் சரத்தையும் கொண்டுபோங்கள் என்று சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செட்டை முழுசாகப் போடலாமா என்பதற்கு என் பதில்: வேண்டாம். நெக்லஸ், கைச்சங்கிலி, காதணி, ப்ரூச் நாலும் சேர்ந்த முழு செட் கிடைப்பது அரிது, கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். ஆனால் நாலையும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏற்றினால் நாடக மேடை வேஷம் மாதிரி ஆகிவிடுகிறது. நெக்லஸும் காதணியும் போதும், ப்ரூச்சைத் தலைமுடிக்கோ இடுப்புக்கோ நகர்த்திவிடலாம், கைச்சங்கிலியை அம்மாவுக்கோ மாமியாருக்கோ கொடுத்துவிட்டால் படத்தில் இரண்டு பேரும் ஒரு குடும்பமாகத் தெரிவார்கள்.

இனி, வரவேற்பு என்ற நிகழ்ச்சி இந்த நகையை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பார்க்கலாம். மூன்று நாலு மணி நேரம் வியர்வை, சென்ட், ஹேர் ஸ்ப்ரே, நூறு பேரின் கட்டிப்பிடித்தல். இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாகத்தைத் தாக்கும்.

கல்லின் பின்பக்கத்தில் மெல்லிய ரசப்பூச்சு இருக்கிறது, அதுதான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஈரம் உள்ளே போனால் பூச்சு கருத்துவிடும், ரசம் போன முகக்கண்ணாடி மாதிரி. அப்புறம் அந்தக் கல்லை எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் வராது. இதைத்தான் செத்த கல் என்கிறோம். அதனால் கல் நகையைத் தண்ணீரில் முக்கவே கூடாது, சோப்பு நீரில் ஊறப்போடும் பேச்சுக்கே இடமில்லை. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, நகையைக் குப்புறப் பிடித்துக்கொண்டு, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் கீழிருந்து கல்லின் முகத்தை மட்டும் துடையுங்கள், ஈரம் கல்லின் அடிக்கு இறங்காமல் இருக்கத்தான் குப்புறப் பிடிக்கச் சொல்கிறேன். அப்படியே முகம் கீழே பார்த்தபடி துணி மேல் சில மணி நேரம் காயவிடுங்கள். விழுந்த கல்லைத் திரும்ப ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம், காயும்போது அதிலிருந்து எழும் ஆவி கல்லின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். மெதுவாகக் காயும் இரட்டைக்குழாய் எபாக்ஸிப் பசையை ஊசி முனையளவு எடுத்து, கல் உட்காரும் குழியின் அடியில் வைத்தால் போதும். பல் (கல்லின் விளிம்பில் மடங்கிய சின்ன உலோக நகம்) வைத்துப் பிடித்த கல் என்றால் ஒட்டவே வேண்டாம், பல்லை மெதுவாக மடக்கினால் சரியாகிவிடும். பல் ஏற்கெனவே ஒரு தடவை நிமிர்த்தி மடக்கியது போலத் தெரிந்தால் கை வைக்காதீர்கள், அடுத்த மடக்கலில் உடையும்.

முத்துக்கு எதிரி ஆல்கஹால். நல்ல பழைய போலி முத்து என்பது கண்ணாடி மணியின் மேல் மீன் செதிலிலிருந்து எடுத்த மினுமினுப்புப் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றியது. சென்ட்டும் ஹேர் ஸ்ப்ரேயும் பட்டால் அந்தப் பூச்சு மங்கி உரியும், துளையைச் சுற்றித்தான் முதலில் ஆரம்பிக்கும். தலை, முகம், சென்ட் எல்லாம் முடிந்து பத்து நிமிஷம் கழித்துக் கடைசியாகப் போடுங்கள், முதலில் கழற்றுங்கள். சரத்தின் நூலையும் பாருங்கள். மணிகளுக்கு நடுவே நூல் தெரிகிற அளவு இடைவெளி விழுந்திருந்தால் அது தளர்ந்துவிட்டது, நிகழ்ச்சிக்கு முன்பே ஒவ்வொரு முத்துக்கும் முடிச்சுப் போட்டுத் திரும்பக் கோத்துவிடுங்கள். முடிச்சு இருந்தால் நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், நடன மேடை முழுக்க முத்து உருளாது.

காதணி பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் காதணி பெரும்பாலும் க்ளிப் அல்லது திருகு. ஐந்து நிமிஷம் சுகமாக இருக்கும் க்ளிப் இரண்டாவது மணி நேரத்தில் தலைவலி கொடுக்கும், மணப்பெண்ணின் முகம் படத்தில் அப்படியே காட்டிவிடும். ஒரு வாரம் முன்னதாக வீட்டு வேலை செய்துகொண்டே இரண்டு மணி நேரம் போட்டுப் பாருங்கள், இதைவிட நல்ல சோதனை கிடையாது. க்ளிப்புக்கு அடியில் ஒட்டும் சிலிக்கான் அல்லது ரப்பர் பட்டை சல்லிசாகக் கிடைக்கிறது. ரொம்பக் கனமான ஜோடி என்றால் படமெடுக்கும் வரை மட்டும் அது, சாப்பாட்டுக்கு முன்னால் இலகுவான வேறொன்று என்று முதலிலேயே திட்டம் போடுங்கள். இதே ஒத்திகையில் நிக்கல் ஒவ்வாமையும் தெரிந்துவிடும். பழைய மட்ட உலோகத்தில் நிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். தோல் அரித்தால் அந்த நகை உடம்புக்கு இல்லை, மேசைக்கு.

ப்ரூச்சில் இரண்டு ஆபத்து. ஒன்று, கனமான ப்ரூச் மெல்லிய பட்டைக் கிழிக்கும். உடைக்கு உள்பக்கம் ஒரு துண்டு ஃபெல்ட் வைத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள், எடை துணியில் பரவிவிடும். இரண்டு, கட்டிப்பிடிக்க வருபவரின் சட்டை, தலைமுடி, குழந்தையின் கன்னம். வரவேற்பில் ப்ரூச்சை நெஞ்சுக்கு நேரே குத்தாதீர்கள், தோளுக்கு மேலே ஏற்றுங்கள் அல்லது இடுப்புக்கு இறக்குங்கள். ரொம்பப் பழைய ப்ரூச்சில் ஊசியைப் பிடிக்க வெறும் வளைந்த கொக்கி மட்டும் இருக்கும், பூட்டு கிடையாது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகுதான் சுழலும் பூட்டு பரவலானது. அந்தக் கொக்கி வகையைப் போட்டே தீர வேண்டுமென்றால் நாலு தையல் போட்டுத் துணியோடு பிடித்துவிடுங்கள். துளையே விழக் கூடாது என்றால் உடையின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் 1930-களின் ட்ரெஸ் க்ளிப் தேடுங்கள். கோரோ நிறுவனம் விற்ற ட்யூயெட் என்ற வகை கெட்டிக்காரத்தனமான சாமான்: ஒரே சட்டத்தில் இரண்டு க்ளிப்கள், சேர்த்தால் ப்ரூச், பிரித்தால் சதுரக் கழுத்தின் இரண்டு மூலைக்கு இரண்டு.

வாங்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். எந்தக் காலத்து நகை, எப்படிப்பட்ட வேலை என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். மிரியம் ஹாஸ்கல் 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனத்தின் நகையைத் திருப்பினால், பூவேலைத் துளைத் தகடு ஒன்றும் அதில் ஒவ்வொரு மணியையும் மெல்லிய கம்பியால் கட்டி இறுக்கியிருக்கும் வேலையும் தெரியும். பசை கிடையாது, எல்லாம் கைவேலை. ஆரம்ப கால ஹாஸ்கலில் பெயரே இருக்காது, ஆகவே அந்தக் கட்டு வேலையைப் பார்க்கப் பழகிய கண்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

அமெரிக்க காஸ்ட்யூம் நகை நிறுவனமான ட்ரைஃபாரியின் நகையில் பின்னால் பொறித்த எழுத்தே நிறையச் சொல்லும். கார்ட்டியே, வான் க்ளீஃப் போன்ற அசல் வைர நகை நிறுவனங்களுக்கு வடிவம் வரைந்த ஆல்ஃப்ரெட் ஃபிலிப் 1930-இல் இங்கே வந்தார், அதனால்தான் அந்த நகைகள் அசல் வைர நகையின் மிடுக்கோடு இருக்கின்றன. உலகப் போர்க் காலத்தில், 1942-இலிருந்து, அமெரிக்காவில் மட்ட உலோகம் ராணுவத்துக்குப் போய்விட்டதால் வெள்ளியில் தங்க முலாம் பூசிச் செய்தார்கள். பின்னால் ஸ்டெர்லிங் என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அந்தச் சில வருடங்களின் சரக்கு, கையில் கனமாகவும் இருக்கும். 1955-இல் நகை வடிவமைப்புக்கும் பதிப்புரிமை உண்டு என்று ட்ரைஃபாரி ஒரு வழக்கில் வென்றது, அதற்குப் பிறகு பதிப்புரிமைக் குறி பொறிப்பது வழக்கமாகிவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் சி இருந்தால் 1940-கள் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அதே போல, எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறம் காட்டும் அரோரா போரியாலிஸ் கல் 1950-களின் நடுவில்தான் ஸ்வரோவ்ஸ்கியிடமிருந்து வந்தது. அந்தக் கல் பதித்த நகையை 1930-கள் என்று யாராவது விற்றால் ஒன்று கல்லை மாற்றியிருக்கிறார்கள் அல்லது கதை விடுகிறார்கள்.

போலி நகையிலேயே போலி உண்டு, தமாஷாக இருந்தாலும் உண்மை. வெய்ஸ், ஐசன்பெர்க் என்ற பழைய அமெரிக்க நகை நிறுவனங்களின் பெயர்களைப் புது நகையில் பொறித்து விற்கிறார்கள். கல்லுக்கு அடியில் பசை வழிந்திருக்கும், பின்பக்கம் சொரசொரப்பாக வார்த்தபடியே இருக்கும், அத்தனை வருடப் பழசு என்கிறார்கள், ஆனால் கொக்கியில் ஒரு தேய்மானமும் இருக்காது. பெயர் இல்லாததாலேயே ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். டிலிசா அண்ட் எல்ஸ்டர் என்ற நியூயார்க் நிறுவனம் செய்த, இன்று ஜூலியானா என்று தேடித் தேடி வாங்கும் நகைகளில் காகிதச் சீட்டு மட்டும்தான் தொங்கியது, அது கிழிந்து போனதும் பெயரும் போய்விட்டது. வரவேற்புக்கு வாங்குகிறீர்கள், அருங்காட்சியகத்துக்கு இல்லை. பெயரில்லாத நல்ல வேலை மலிவாகக் கிடைத்தால் அதுவே லாபம்.

நகையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் பெரும்பாலும் தவிர்ப்பேன். லேசான களிம்பைப் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டு எடுக்கலாம், ஆனால் முலாமுக்கு அடியில் புகுந்துவிட்டால் சுத்தம் செய்யும்போது முலாமும் கூட வரும். வாங்கிவிட்டீர்கள் என்றால் மற்றவற்றோடு சேர்த்துப் பெட்டியில் போடாமல் தனியாக வையுங்கள்.

போலி முத்துப் போட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1953-இல் அமெரிக்க அதிபரின் மனைவி மேமி ஐசன்ஹோவர் பதவியேற்பு நடன விருந்துக்கு ட்ரைஃபாரி செய்த போலி முத்து செட்டைத்தான் போட்டுக்கொண்டு போனார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மேசைக்கு வரலாம். நல்ல நகையை மேசையில் வைக்காதீர்கள், இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஜோடி தொலைத்த ஒற்றைக் காதணி, ஊசி உடைந்த ப்ரூச், கல் செத்த துண்டு என்று குவியலாக விற்பார்கள், அலங்காரத்துக்கு அதுதான் சரி. ஒற்றை க்ளிப் காதணி நாப்கினில் மாட்ட அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும், பெயர்ச் சீட்டையும் பிடித்துக்கொள்ளும். கேக்கின் மேல் நேரடியாக எதையும் வைக்க வேண்டாம், ஈயக் கண்ணாடியும் நிக்கலும் சாப்பிடும் பண்டத்தில் படக்கூடாது. சின்னக் குழந்தைகள் உட்காரும் மேசையில் சுத்தமாக வேண்டாம். மெழுகுவர்த்திப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் நகை வைக்கும் முன் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். செல்லுலாய்டைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும், கற்பூரம் கலந்துதான் அதைச் செய்வார்கள், பற்றினால் குபீரென்று எரியும். 1907-இல் பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டைத் தேய்த்தால் ஃபார்மலின் நெடி. அது அப்படிப் பற்றாது. சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், நகையும் வீண், செல்லுலாய்டாக இருந்தால் கையும் வீண்.

பூவுக்குப் பதிலாக ப்ரூச்களைக் கம்பியில் கட்டிச் செண்டு செய்வது இப்போது பிரபலம். அழகுதான், ஆனால் இரண்டு கிலோவைச் சாதாரணமாகத் தொடும், அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பது யார் என்று யோசியுங்கள். கையளவு பூச்செண்டில் நாலு ப்ரூச் செருகினாலே வேலை முடிந்தது. கட்டுவதென்றால் கம்பியால் கட்டுங்கள், ஹாட் க்ளூ வைத்தால் அந்த ப்ரூச்சுக்கு அதுதான் கடைசி நிகழ்ச்சி.

புகைப்படக்காரரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லுங்கள். நகையை நேரடி ஃப்ளாஷில் எடுத்தால் கல் வெறும் வெள்ளைப் பொட்டாகப் பதியும், ஜன்னல் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்கட்டும். அதற்கு நீங்கள் அலங்காரம் செய்துகொள்ளும் நேரத்திலேயே கால் மணி நேரம் ஒதுக்குங்கள், நகை அப்போது சும்மாதான் இருக்கும். கூடவே மேசைக்குப் போகும் துண்டுகளையும் ஒரு படம் எடுத்து, எந்த மேசையில் எத்தனை என்று எழுதி, விருந்து முடிந்ததும் எண்ணி எடுக்க ஒரு ஆளை நியமியுங்கள். அந்த ஆள் நீங்களாகவோ உங்கள் அம்மாவாகவோ இருக்கக் கூடாது, இரண்டு பேருக்கும் அன்று நேரம் இருக்காது. விருந்தாளி எடுத்துக்கொண்டு போனால் மனசு கஷ்டப்படும் என்றால் வைக்காதீர்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்றால் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அவசரப் பெட்டி ஒன்று: சின்ன ஊக்கு, ஃபெல்ட் துண்டு, நூல் ஊசி, காதுக்கான ரப்பர் பட்டை, மாற்றுக் காதணி, விழுந்த கல்லைப் போட்டு வைக்க ஒரு மாத்திரை டப்பா. கல் விழுந்தால் அங்கேயே ஒட்டப் பார்க்காமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் வியர்வை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிடாதீர்கள், களிம்பு பிடிப்பது அப்படித்தான். உலர்ந்த துணியால் ஒற்றி, விரித்த துண்டின் மேல் காலை வரை கிடக்கட்டும். அப்புறம் தனித்தனி துணிப்பையில், முத்துச் சரத்தை மாட்டித் தொங்கவிடாமல் படுக்கவைத்து எடுத்து வையுங்கள். கல் செட்டின் படமும் பின்பக்கப் படமும் அனுப்பினால் எந்தக் காலத்தது, நெக்லஸை எத்தனை அங்குலம் நீட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.